பக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு: குமரிக் கிழக்கின் உடங்காட்டு இரவுகள்

முதல் நாளே பக்கி என்கிற இரவுப் பறவையைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். முதல் நாள் கேட்கப் போங்கள். இரண்டாம் நாளும் கேட்கவே போங்கள். காது பழகிவிட்டால் கண் தானாக அந்த இடத்துக்குப் போகும்.

பறவை பார்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "அண்ணே, பக்கி எங்க இருக்கும்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அதை எழுப்பிவிடாமல் எப்படிப் பார்ப்பது என்பது. பக்கிக்குக் கூரிய அலகு கிடையாது, ஓடுவதற்குக் கால் கிடையாது, ஒளிந்துகொள்ளப் பொந்து கிடையாது. மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடப்பது ஒன்றுதான் அதற்குக் காவல். நாம் கிட்டப் போய் அதைப் பறக்கவைத்துவிட்டால் அந்தக் காவலையும் எடுத்துவிட்டோம் என்று பொருள். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

நான் வளர்ந்தது ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில். கோடையில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால் உடைமரங்கள் நிற்கும் உடங்காட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரும். "பக்கி கூப்பிடுது, உறங்கு" என்பார் பாட்டா. அந்த முற்றத்திலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் கேட்டிருக்கிறேன், அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்திலேயே வாழ்ந்தும் கண்ணில் படாமல் இருக்க இந்தப் பறவையால் முடியும் என்பதற்கு என் வீட்டு முற்றமே சாட்சி.

பக்கி என்பது எது

ஆந்தை இனம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆந்தைக்கு வளைந்த அலகும் இரையைப் பற்றும் நகமும் உண்டு. பக்கியின் அலகு வெளியே தெரிவது கொஞ்சம்தான். வாயைத் திறந்தாலோ முகமே பிளந்த மாதிரி அகலும். வாயின் இரண்டு ஓரத்திலும் மீசை போல விறைத்த முடிகள். அந்தி சாய்ந்ததும் பறந்தபடியே அந்துப்பூச்சி, வண்டு, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் அந்த வாயால் பிடித்துத் தின்னும். கால் மிகச் சிறியது. நடுவிரல் நகத்தில் மட்டும் சீப்பு மாதிரி பல் வெட்டியிருக்கும்.

நம் கிழக்குப் பொட்டல்களில் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது இந்தியப் பக்கி. சிறு பக்கி என்றும் சொல்வார்கள். நீளம் 24 செ.மீ. அளவு. மைனா நீளம்தான், ஆனால் எடை மைனாவில் பாதி இருக்காது. உடம்பு என்பதே பெரும்பாலும் இறகுதான். சாம்பல், மணல், காய்ந்த இலை, கருகிய சுள்ளி ஆகிய நான்கு நிறத்தையும் குழைத்துத் தெளித்த மாதிரி மேல்பக்கம். பிடரியில் மங்கிய காவிப் பட்டை. தொண்டையின் இரு பக்கமும் சின்ன வெள்ளைத் தீற்று. பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளியும் வால் ஓரங்களில் வெள்ளையும் பளிச்சிடும்.

இதன் அறிவியல் பெயர் கேப்ரிமுல்கஸ் ஏசியாட்டிகஸ். 1790-இல் ஜான் லேத்தம் வைத்தது. கேப்ரிமுல்கஸ் என்றால் லத்தீனில் ஆட்டுப்பால் கறப்பவன். இரவில் வந்து ஆட்டு மடியில் பால் குடித்துவிடும் என்று ஐரோப்பாவில் பழங்காலத்தில் நம்பினார்கள், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆட்டுக்கிடையைச் சுற்றிப் பக்கி வட்டமடிப்பது மட்டும் மெய். புழுக்கைக்கும் மூத்திர ஈரத்துக்கும் பூச்சி மொய்க்கும். பூச்சிக்குப் பக்கி வரும். அந்தப் பெயரைவிட நம் பக்கத்து மலையாளத்துக்காரர் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்: ராச்சுக்கு. இரவில் 'சுக்கு சுக்கு' என்பது. நம்மூரிலோ பக்கி என்பதை வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதன் பிடரிப் பட்டையைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

எந்தப் பக்கம் போவது

குமரி மாவட்டம் என்றால் ரப்பரும் மழையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது கல்குளம், விளவங்கோடு பக்கத்தைப் பார்த்து. தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களின் கிழக்கோரம் வேறு நிலம். மலை அங்கே முடிகிறது. மழை குறைந்து, காற்று கூடி, மண் சிவந்து சரளாகிறது. குடை விரித்த மாதிரி தட்டையான தலையோடு உடைமரங்கள், இடையிடையே வடலிகள் (இளம் பனைகள்), முழங்காலுக்குக் கீழே நிற்கும் முட்செடி, நடுவில் வெறும் தரை. இந்த வெறும் தரைதான் பக்கிக்கு வேண்டியது. அடர்ந்த காட்டில் அதற்கு வேலை இல்லை.

ஆரல்வாய்மொழியிலிருந்து முப்பந்தல் வரை காற்றாலைகளுக்கு இடையே கிடக்கும் பொட்டல்கள், செண்பகராமன்புதூர், குமாரபுரம் பக்கத்து மானாவாரி நிலங்கள், மருந்துவாழ்மலை அடிவாரத்துக்கு வெளியே உள்ள விளைகள் (தோட்ட நிலங்கள்), அஞ்சுகிராமம் போகும் வழியிலுள்ள உடங்காடு ஆகியவற்றில் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இதற்கு மேல் நான் துல்லியமாகச் சொல்லமாட்டேன். ஒரு இடத்தைச் சொன்னால் அடுத்த வாரம் பத்து டார்ச் அங்கே போகும்.

இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். வண்டி போகும் மண்பாதை, அதன் ஓரத்தில் திறந்த தரை, கூப்பிடு தூரத்தில் ஒரு பொத்தை (சிறு பாறைக்குன்று) அல்லது உடைமரக் கூட்டம்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் போதும். கிணறு, பள்ளம், அறுந்து கிடக்கும் கம்பி வேலி எங்கே என்று பகலில் தெரிந்துகொண்டால்தான் இரவில் டார்ச் இல்லாமல் நிற்க முடியும். பட்டா நிலமாக இருந்தால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காற்றாலைக்குள் போகும் தனிப் பாதைகளில் நுழைய வேண்டாம். மலையோரம் வனத்துறை எல்லைக்கல்லைத் தாண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் சரணாலயம், அனுமதி இல்லாமல் இரவில் இருக்கக் கூடாது. பக்கிக்காக அங்கே போக வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்று, பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். "ராத்திரி லைட்டு அடிச்சிட்டு எவன்ல அங்க?" என்று ஊரே கம்போடு வந்த அனுபவம் எனக்கு உண்டு. அவர்கள் மீது தப்பு இல்லை. ஆடு களவு போன ஊர் அது. மறுநாள் கடையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டே பக்கியைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கே சத்தம் கேட்டது என்று அவர்களே எனக்குத் தகவல் சொன்னார்கள்.

எந்த மாதம், எந்த இரவு

தை கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை. இந்த மூன்று மாதமும் காற்று அடங்கியிருக்கும், பக்கி இணைக்காகக் கூப்பிடும், கேட்கவும் முடியும்.

ஜூன் பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டத் தொடங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் செப்டம்பர் வரை பக்கியின் குரலைக் கேட்க நினைப்பது வீண். பறவை அங்கேயேதான் இருக்கும். உங்கள் காதில் காற்று மட்டும்தான் விழும். வெளியூரிலிருந்து ஆகஸ்டில் வந்து, மூன்று இரவு நின்று, இங்கே பக்கியே இல்லை என்று எழுதிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இரவுகளில் சாலையோரம் பார்க்கக் கிடைக்கும், குரல் குறைவு.

மாதத்துக்கு அடுத்து நிலா. பக்கி கண்ணை நம்பி வேட்டையாடும் பறவை. கும்மிருட்டில் அந்திக்கும் விடியலுக்கும் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு ஓய்ந்துவிடும். நிலா இருந்தால் இரவெல்லாம் பறக்கும், இரவெல்லாம் கூப்பிடும். வளர்பிறைத் தசமியிலிருந்து பௌர்ணமி வரை உள்ள ஆறு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அந்தி மங்கும்போதே நிலா மேலே இருக்கும். பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு நாள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிந்தி உதிக்கும். புதியவர்கள் காத்திருந்து சலித்துப்போவார்கள்.

சித்திரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வரும் கூட்டம். நானும் போயிருக்கிறேன், பார்க்க வேண்டிய காட்சிதான். பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பி உள்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் வாருங்கள். காற்று இல்லாத சித்திரா பௌர்ணமி இரவில் உடங்காட்டில் இரண்டு மூன்று பக்கிகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேட்டால், அடுத்த வருஷம் நேரே இங்கேதான் வருவீர்கள்.

கையில் என்ன வேண்டும்

கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் சட்டை. இதில் சமரசம் வேண்டாம். பக்கி கிடக்கும் அதே சரளில்தான் சுருட்டை விரியனும் கிடக்கும், கட்டு விரியனும் இரவில்தான் நடமாடும். நடக்கும்போது காலடிக்கு ஒரு சின்ன டார்ச் கட்டாயம். கடி பட்டால் கத்தி, கயிறு என்று நேரம் போக்காமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக மட்டும் போகவே போகாதீர்கள்.

தேடுவதற்கு வேறொரு டார்ச், அதன் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. தண்ணீர். அவ்வளவுதான்.

காதைப் பழக்குவது

மார்ச் மாதத்தில் நம் பக்கம் சூரியன் மறைவது ஆறரை மணி வாக்கில். ஆறு மணிக்கே இடத்துக்கு வந்து, செல்போனைச் சத்தமில்லாமல் வைத்து, தரையில் உட்காருங்கள். நின்றால் நிழல் நீளும். முதலில் மயில் அகவும். பிறகு ஆட்காட்டி கத்தும். கரிச்சான் கடைசி வெளிச்சம் வரை கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். அது போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதியில் பேசாதீர்கள்.

இந்தியப் பக்கியின் குரல் எப்படி என்றால், சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைக் கைதவறி விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு துள்ளலுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அடுத்தடுத்து அது நெருங்கி, கடைசியில் உருண்டு ஓடிவிடும். 'சுக்... சுக்... சுக்-சுக்-சுக்-டக்ரூ.' அதேதான். ஒருதடவை இந்தக் கோலிக்குண்டைக் காதில் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. வீட்டிலேயே ஒரு கோலியை எடுத்துப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

இதோடு குழம்பக்கூடிய பக்கிகள் மூன்று. காட்டுப் பக்கி கொஞ்சம் பெரியது, மரம் கூடின அடிவாரங்களில் இருக்கும். 'சுக்கூ சுக்கூ சுக்கூ' என்று நிறுத்தாமல் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே போகும், கோலிபோல் நெருங்காது. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த ஜெர்டனின் பெயரால் வழங்கும் பக்கி, உளுத்த மரப்பலகையைத் தட்டின மாதிரி உள்ளீடற்ற ஒலியை எழுப்பி, கடைசியில் நடுங்கி முடிக்கும். சவானா பக்கி பறந்துகொண்டே 'ட்வீட்' என்று ஒற்றைக் கூரிய குரல் விடும். அதைப் பூச்சிச் சத்தம் என்று தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். இந்த மூன்றையும் முதல் வருஷமே பிரித்தறிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோலிக்குண்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை மெல்ல வரும்.

மெர்லின் போன்ற செயலிகளில் பதிவு செய்த குரல்கள் கிடைக்கும். வீட்டில் கேட்டுப் பழக அவை நல்லவை. களத்தில் அதைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று ஆண் பக்கி முட்டையை விட்டும் இரையை விட்டும் ஓடி வரும். இல்லாத எதிரியைத் தேடி இரவு முழுக்க அலையும். தப்பித் தவறிக்கூட வேண்டாம்.

குரல் வந்ததும் எழுந்து ஓடாதீர்கள். எந்தத் திசை என்று கையை நீட்டிக் காட்டி வையுங்கள். பக்கி ஒரே இடத்திலிருந்து வெகுநேரம் கூப்பிடும், பிறகு இன்னோர் இடத்துக்குப் போகும், சுற்றி மறுபடி பழைய இடத்துக்கே வரும். இரண்டு இரவு உட்கார்ந்தால் அதன் மூன்று நான்கு மேடைகள் எவை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு கல்மேடு, ஒரு பட்ட வடலி, ஒரு வரப்பு முனை. மூன்றாம் நாள் அந்த மேடையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, பொழுது சாயும் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். அது உங்களிடம் வரும்.

முதல் பார்வை

வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கும்போதே வெளியே வரும். மேற்கு வானத்தைப் பின்னணியாக வைத்துத் தாழ்வாகப் பாருங்கள். வௌவால் என்றால் துடித்துத் துடித்துத் திரும்பும். பக்கி பெரிய அந்துப்பூச்சி மாதிரி இரண்டு மூன்று தடவை இறக்கையை அடித்துவிட்டு, இறக்கை இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டு போகும். சத்தமே இருக்காது. தலைக்கு மேல் ஒருமுறை போனபோது காற்று அசைந்ததைத்தான் உணர்ந்தேன், இறகுச் சத்தம் கேட்கவில்லை.

இருட்டிய பிறகு டார்ச். இங்கேதான் பலரும் தப்புச் செய்கிறார்கள். டார்ச்சை இடுப்பில் பிடித்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கியின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. மேலே விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால் டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்படிப் பிடித்து, மண்பாதையின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டு போங்கள். தரையோடு தரையாக அடுப்புத் தணல் மாதிரி ஒரு செம்புள்ளி தெரிந்தால் நின்றுவிடுங்கள்.

எல்லாத் தணலும் பக்கி இல்லை. நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பனித்துளி மினுக்கம் தெரிந்தால் சிலந்திகள். முழங்கால் உயரத்தில் இரண்டு கண் ஒன்றாக அசைந்தால் பூனையோ நரியோ. தரையிலிருந்து ஒரு சாண் மேலே, நீண்ட காலில் நின்று ஓடினால் கண்கிலேடி. அதுவும் இதே நிலத்துப் பறவைதான், பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம். பக்கியின் கண் தரையை ஒட்டியே இருக்கும். திடீரென்று அந்தத் தணல் செங்குத்தாக மேலே எழும்பி, ஒரு வட்டம் போட்டு, அதே இடத்துக்கே வந்து இறங்கும். பூச்சி பிடித்துவிட்டு வந்திருக்கிறது. அதைப் பார்த்த நொடியில் உங்களுக்கு அடையாளம் உறுதியாகிவிடும்.

இனி கிட்டப் போகாதீர்கள். சிவப்புத் தாள் போட்ட டார்ச்சை அதன் முகத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கத்துத் தரையில் விழும்படி சாய்த்து, பைனாகுலரில் ஒரு நிமிஷம் பாருங்கள். பிறகு அணைத்துவிடுங்கள். கண் கூசிய பக்கியால் கொஞ்ச நேரம் வேட்டையாட முடியாது; அதன் இரவே சின்னது. படம் எடுக்கிறவர்கள் பிளாஷ் போடவே வேண்டாம்.

பகலில் தேட வேண்டாம்

பகலில் பக்கி எங்கே உறங்கும் என்று தேடிப் போகிற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அதற்குக் கிடைத்த பாடத்தைச் சொல்கிறேன்.

ஒரு பங்குனி மதியம் குமாரபுரம் பக்கம் ஒரு பொத்தை அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்க்கும் ஒரு பாட்டா உடைமர நிழலிலிருந்து குரல் கொடுத்தார்.

"மக்கா, அந்தாலப் போவாத. அப்படியே நில்லு."

பாம்பு என்று நினைத்து உறைந்துபோனேன்.

"செருப்புக்கு முன்னால பாரு. ரெண்டு முழம்."

பார்த்தேன். சரள், காய்ந்த உடையிலை, ஒரு சுள்ளி. "ஒண்ணும் காணல பாட்டா."

"நல்லாப் பாரு. அது ஒன்னையத்தான் பாத்துட்டு இருக்கு."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முதலில் தெரிந்தது ஒரு துடிப்பு. சுள்ளி என்று நினைத்ததன் ஒரு முனையில் தொண்டை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. வெயில் சூட்டைத் தணித்துக்கொள்ளப் பக்கி அப்படிச் செய்யும். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அலகு. அலகுக்குப் பின்னால் நூல் கனத்துக்கு ஒரு கருங்கோடு. கண்ணை அவ்வளவுக்கு இடுக்கி, அந்தக் கோடு வழியாக என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. இறகின் ஓரத்தில் விழுந்திருந்த ஒரு உடையிலைகூட அசையவில்லை. மீதி உடம்பு எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியாது.

பாட்டா சைகை காட்டினார். வந்த வழியே பின்னால் நடந்தேன். அது பறக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அந்த இடத்துக்குப் போகும் ஆட்டுத்தடத்தில் ஒரு உடைமுள் கொப்பை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார். "முட்ட வச்சிருக்கு. ஆடு மிதிச்சிரும்லா." சாயங்காலம் பறவை எழுந்துபோன இடைவெளியில் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. வெறும் தரையில் இரண்டு முட்டை, வெளிறிய ரோஜா நிறத்தில் செம்பழுப்புத் தீற்றல். பட்டியில் அடையும் ஆடுகளை எண்ணுவதுபோல அந்த இரண்டையும் அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பகலில் பக்கி எழும்பினால் அது கிட்டத்தட்ட மிதிபட்ட பிறகுதான் எழும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழும்பி, இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் அடித்துக்கொண்டு உங்களை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. நடிப்புதான் அது. அதன் பின்னால் போகவும் வேண்டாம், முட்டையைத் தேடவும் வேண்டாம். காலடியைப் பார்த்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்து, வெளியே வந்துவிடுங்கள். வெயிலில் அம்மாவோ அப்பாவோ (இரண்டும் மாறி மாறி அடைகாக்கும்) மேலே இல்லாவிட்டால் அந்த முட்டைகள் சூட்டிலேயே கெட்டுப்போகும். முட்டையை எடுப்பதும் பறவையைப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இந்த நிலத்துக்குக் கணக்கில் பெயர் தரிசு, புறம்போக்கு. ஒன்றுக்கும் ஆகாதது என்பதால் சரள் அள்ளுகிறார்கள், கோடையில் தீ வைக்கிறார்கள், கல் நட்டு மனை போடுகிறார்கள். மரம் நடுகிறேன் என்று நல்ல மனதோடு வருகிறவர்களும் வெறும் தரையை முழுக்க மூடிவிட்டால் பக்கிக்கு அதுவும் இழப்புதான். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி ஒரு பேச்சு வந்தால், அங்கே இரண்டு முட்டை கிடக்கலாம் என்று எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

எழுதி வைப்பது

தேதி, நேரம், நிலா, காற்று, எத்தனை குரல், எந்தத் திசை. கேட்டது மட்டும் என்றால் கேட்டது என்றே எழுதுங்கள், பார்த்ததாக எழுதாதீர்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலாக ஏற்றலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பகல் பறவைகள்தான் நிறையப் பதிவாகும். அந்த நாட்களில் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து ஒரு பக்கிக் குரலையும் சேர்த்தால் நம் பட்டியலுக்கு ஒரு மதிப்பு வரும். முட்டை இருக்கும் இடத்தை மட்டும் எந்தப் பட்டியலிலும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள், படத்தோடும் போடாதீர்கள்.

திரும்பி வரும் வழி

பக்கி பார்த்துவிட்டு வீடு திரும்பும் அந்த அரை மணி நேரத்தில்தான் நாம் பக்கிக்கு அதிகம் தீங்கு செய்ய முடியும். இரவில் அது சாலையில் உட்காரும். திறந்த தரை, மேலே முழு வானம், பூச்சி போனால் வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும். அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஹெட்லைட் முகத்தில் விழுந்தால், தப்பி ஓடுவதற்குப் பதில் அசையாமல் இருக்கும். அதற்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். கடைசி நொடியில் எழும்பும், பம்பர் உயரத்துக்கு.

சில வருஷங்களுக்கு முன்பு நண்பர்களோடு ஒரு காரில் வந்துகொண்டிருந்தேன். மூன்று பக்கி கேட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தோம். வேகம் என்னவென்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மெல்லிய தட்டல். இறங்கிப் போய்க் கையில் எடுத்தேன். அப்போதுதான் முதல்முறையாகப் பக்கியைத் தொட்டேன். கனமே இல்லை, சூடு இருந்தது, வாயோரத்து மீசை முடியில் ஒரு அந்துப்பூச்சியின் தூள் ஒட்டியிருந்தது. சாலையோரம் ஒரு வடலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தோம். வீடு வரை யாரும் பேசவில்லை.

அதனால், மண்பாதையிலும் கிராமச் சாலையிலும் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். முன்னால் தரையில் தணல் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அரை நிமிஷத்தில் அதுவாகவே எழும்பிப் போய்விடும். எழும்பாவிட்டால் ஒருவர் இறங்கி ஓரமாக மெல்ல நடந்து போனால் போதும், நகர்ந்துகொள்ளும். ஊர் எல்லை வரை கார்க் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். காற்று இல்லாத இரவென்றால் எஞ்சினை நிறுத்திய இடத்திலெல்லாம் எங்கேயாவது ஒரு கோலிக்குண்டு விழுந்துகொண்டிருக்கும்.